பழனிக்குப் போய்ச் சேராத லட்சியம்

திண்டுக்கல்லில் என்னோடு தங்கியிருந்த 'லட்சியம்' அண்ணனைப் போன்ற ஒரு ரூம்மேட்டைக் கடவுள் எதிரிக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. தொண்ணூறுகளில், பேகம்பூர்ப் பக்கம் ஒரு லாட்ஜ். நான் பூட்டுக் கடையில் வேலை பார்த்தேன். அவர் பிறந்த காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

காலையில் நான் வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நிற்கும்போதுதான் கேட்பார்: "நான் எதுக்கு அப்பு பொறந்தேன்?"

துப்பிவிட்டு, "என் உசுர வாங்க" என்பேன்.

"வெளையாடாத அப்பு. சீரியஸா கேக்குறேன்."

மூலிகை வைத்தியம்தான் தன் லட்சியம் என்று ஒரு முறை அறிவித்தார். சோதனை எலி நான். வயிறு கலங்கி நான் லீவு போட்டேன். அவர் வைத்தியத்தை விட்டார். அடுத்தது யோகாசனம். தலைகீழாக நின்றவர் என் அலமாரி மேல் சாய்ந்தார். டிரான்சிஸ்டர், கண்ணாடி, அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாய் ஜாடி எல்லாம் காலி. "இதுவும் இல்ல போலருக்கு" என்றார், ஊறுகாயில் உட்கார்ந்தபடி.

தைப்பூசம் வந்தது. "பழனிக்கு நடந்தே போயி முருகன்கிட்டயே கேட்டுருவோம்" என்று என்னையும் செருப்பில்லாமல் இழுத்துக்கொண்டு போனார்.

ஒட்டன்சத்திரம்கூடத் தாண்டவில்லை. பாதமெல்லாம் கொப்புளமாக ஒரு அம்மா சாலையோரம் அழுதுகொண்டிருந்தார். அண்ணன் அப்படியே உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்து, வேப்பெண்ணெய் தடவி, துணியைக் கிழித்துக் கட்டினார். துணி, பழனியில் கட்டிக்கொள்ள நான் வைத்திருந்த புது வேட்டி!

"அண்ணே, எனக்கும் செத்த பாருங்கண்ணே" என்று அடுத்த கால் வந்தது. அதன் பின்னால் ஒரு வரிசையே வந்தது.

"வாரீகளா இல்லையாண்ணே?" என்று கத்தினேன்.

"பொறு அப்பு. இந்த ஒரு காலு மட்டும்."

அந்த ஒரு கால் முடிவதற்குள் தைப்பூசமே முடிந்துவிட்டது. திரும்பும் பஸ்ஸில், "முருகன்கிட்ட கேக்க முடியாமப் போச்சே" என்று புலம்பித் தீர்த்தார். அதான் கிடைத்துவிட்டதே என்று கத்த வாயைத் திறந்தேன். இந்த மனிதர் லட்சியம் என்று பெயர் வைத்த எதுவும் ஒரு மாதம் தாங்கியதில்லை என்பது நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டேன். அவர் பாதங்களைப் பார்த்தேன். அவற்றிலும் கொப்புளங்கள், கட்டுத்தான் இல்லை.

மறு வருடமும் கேட்கக் கிளம்பி, ரெட்டியார்சத்திரத்தில் உட்கார்ந்துவிட்டார். அதற்கடுத்த வருடம் திண்டுக்கல்லையே தாண்டவில்லை. எரிச்சலோடு நான் மட்டும் நடந்துபோய் மலையேறினேன். சன்னதியில் எனக்கென்று கேட்க எதுவும் தோன்றவில்லை.

"முருகா, அந்தாளு என்னைக்காச்சும் வந்து கேட்டா, தயவுசெஞ்சு பதில் சொல்லிராத. அவரு கால மட்டும் நீ பாத்துக்க."