கொண்டைக் குழம்பும் நெல்லிச்சாறும்

ஒரு காட்டில், விடியும் நேரத்தில், ஒரு சேவல் கூவும். கூவி முடிக்கும் இடத்தில் குரல் சற்றே இடறி, பிறகு தன்னைத் தூக்கிக்கொண்டு எழும். எத்தனையோ வருடம் ஆகியும் அந்த இடறல் எனக்குக் கேட்கிறது. மற்றதெல்லாம் பிறர் சொல்லித் தெரிந்தது.

அந்தச் சேவலுக்குப் பெரிய சிவப்புக் கொண்டை. அதை நீவினால் வழுவழுப்பாக ஒரு குழம்பு வரும். விரலில் தொட்டுத் தூக்கினால் அறுபடாமல் ஒரு முழத்துக்கு இழை நிற்கும்.

காட்டை ஆண்ட பெண்புலிக்கு வயதாகிவிட்டது. பாயும்போது முழங்கால் மூட்டு நொறுக்கென்று சத்தம் போடும். மான்கள் கேட்டுவிட்டு ஓடிவிடும். டாக்டர் முள்ளம்பன்றி கொண்டைக் குழம்பைத் தன் முள்ளிலேயே எடுத்து மூட்டில் ஊசி போட்டது. சத்தம் நின்றது. அன்றிலிருந்து ஓர் ஏற்பாடு: அமாவாசைக்கு அமாவாசை சேவல் குழம்பு தர வேண்டும், தந்துகொண்டிருக்கும்வரை சேவலை யாரும் தின்னக் கூடாது. இந்த ஏற்பாடு வரும்போது அந்தக் காட்டில் வேறு சேவல்கள் மிச்சமில்லை.

சேவலுக்கு ஒரே சிநேகிதி, நெல்லிமரத்து மந்தி. நெல்லிக்காயைப் பிழிந்து சாறு கேட்டவர்க்கெல்லாம் கொடுக்கும். ஈறு வீங்கியவர், தோல் வறண்டவர், சும்மா புளிப்புக்கு ஆசைப்பட்டவர் என்று வித்தியாசம் பார்க்காது.

"ஒரு நாளாவது இல்லைன்னு சொல்லிப் பழகுக்கா," என்று சேவல் சொல்லும்.

"வாயில வரமாட்டேங்குதே தம்பி."

புலியின் செயலாளர் நரி. சிக்னல் கிடைக்கும் பாறை ஒன்றுதான் அந்தக் காட்டில் உண்டு. அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். ஒருநாள் அதன் கைபேசியில், முகம் பளபளத்த ஒரு மயில் சொன்னது: "கொண்டைக் குழம்பு நல்லது. நெல்லிச்சாறு நல்லது. ரெண்டையும் கலந்தா பலன் ரெட்டிப்பு."

நரி அதோடு நிற்கவில்லை. செம்பில் ஊற்றி வைத்தால் பச்சைத் தண்ணீரே மருந்தாகும் என்று கேட்டு வளர்ந்த குடும்பம். இரண்டு நல்லதோடு மூன்றாவது நல்லதும் சேரட்டும் என்று நினைத்தது. அமாவாசைக்கு முந்தின நாள் சேவலிடம் குழம்பும் மந்தியிடம் சாறும் வாங்கி, அரண்மனைச் செப்புக் கிண்ணத்தில் கலந்து, காற்றுப்படத் திறந்து வைத்துவிட்டுப் போனது.

மறுநாள் முள்ளம்பன்றி கிண்ணத்தில் முள்ளை விட்டு எடுத்தது. இழை வரவில்லை. சொட்டு விழுந்தது.

"இது தண்ணி."

"நேத்து குழம்பா இருந்துச்சே டாக்டரம்மா," என்றது நரி.

"நேத்து இருந்துச்சு."

புலி ஊசி இல்லாமல் வேட்டைக்குப் போனது. மூட்டு நொறுக்கென்றது. ஒரு மான்குட்டி ஓடிக்கொண்டே திரும்பி, "பாத்து வாங்க பெரியம்மா, கல்லு வழுக்கும்," என்றதாம்.

பசியோடு திரும்பிய புலி, விசாரணை வைக்கச் சொன்னது. நடந்தது எல்லாம் நன்றாகத் தெரிந்தவர் என்பதால் நரியே விசாரணை அதிகாரி.

முள்ளம்பன்றி முதலில் பேசியது. "கொண்டைக் குழம்புல இருக்கறது ஹயலூரானிக் அமிலம். ரெண்டு விதமான சர்க்கரை மணியை மாத்தி மாத்தி ஆயிரக்கணக்குல கோத்த மாலை அது. மாலை நீளமா இருக்கறவரைக்கும்தான் வழுவழுப்பு. நெல்லியில இருக்கறது வைட்டமின் சி. அது ரொம்ப சாது. தன்கிட்ட இருக்கற எலக்ட்ரானை யார் கேட்டாலும் கொடுத்துடும். கண்ணாடிக் குடுவையா இருந்தா கேட்டிருக்காது. செம்பு கேட்டுச்சு, கொடுத்துச்சு. செம்பு அதைக் காத்துல இருக்கற ஆக்சிஜனுக்குக் கைமாத்தி விட்டுச்சு. இப்படிக் கைமாறிக் கைமாறி, கடைசியில ஒரு ரவுடி பொறக்கறான். கண் இமைக்கறதுக்குள்ள செத்துடுவான். ஆனா சாகறதுக்குள்ள பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்களைக் கடிச்சிடுவான். பக்கத்துல இருந்தது மாலை."

"மணியெல்லாம் எங்க போச்சு?" என்றது புலி.

"எங்கயும் போகல. அனேகமா எல்லாம் அங்கதான் கிடக்கு. மாலைதான் துண்டு துண்டாப் போச்சு."

"என் மூட்டுக்கு மணி போதாதா?"

"போதாதும்மா. நீளம் வேணும்."

நரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "கிண்ணம் அரண்மனைச் சொத்து. காத்தைக் கூப்பிட்டா வராது. ரவுடி செத்துட்டான். மிச்சம் யாரு?"

முள்ளம்பன்றியை யாரும் பார்க்கவில்லை; அதற்கு முள் இருந்தது. மந்தி மரத்தின் மேல் இருந்தது. எல்லோரும் சேவலைப் பார்த்தார்கள்.

"அடுத்த அமாவாசைவரைக்கும் பொறுங்க ராணியம்மா," என்றது சேவல். "எதுவும் கலக்காம எடுத்துக்கங்க. இழை நிக்கும்."

புலி யோசித்தது. சரி என்று சொல்லத்தான் வாயெடுத்தது என்கிறார்கள். அதற்குள் மந்திக்கு மனசு தாங்கவில்லை.

"அவனை ஒண்ணும் செய்யாதீங்க," என்றது கிளையிலிருந்து. "அவனுக்கும் வயசாகுது. கொண்டை சுருங்கிப் போச்சு. போன மாசம் தலை சுத்துதுன்னு உக்காந்துட்டான். அப்பவும் முடியாதுன்னு சொல்லாம கொடுத்தான். பாவம், விட்டுடுங்க."

நரி அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு புலியிடம் திரும்பியது.

"சிநேகிதியே சாட்சி சொல்றாங்க ராணியம்மா. கொண்டை சுருங்கிப் போச்சாம். சரக்கு முன்னாடியே நீர்த்துதான் இருந்திருக்கு. இனிமேயும் தேறாது."

"நான் அப்படிச் சொல்லலியே," என்றது மந்தி.

"வேற எப்படிச் சொன்னீங்க?"

முள்ளம்பன்றி தன் முள்ளைத் துடைத்துக்கொண்டிருந்தது.

"பரவாயில்லக்கா," என்றது சேவல். "நீ நல்லதுதான் சொன்னே."

புலிக்குப் பசி. பக்கத்தில் இருந்தது சேவல்.

கொண்டையைக் கடித்தபோது பல்லில் ஏதோ ஒட்டியது. புலி முன்காலால் இழுத்தது. இழை வந்தது. மேலும் இழுத்தது; அறுபடாமல் ஒரு முழத்துக்கு நின்று வெயிலில் மின்னியது. சபை முழுவதும் அதைப் பார்த்தது.

"தரம் நல்லாத்தான் இருந்திருக்கு," என்று சொல்லி நரி அதை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டது.

நீதி: சிநேகிதன் மாட்டிக்கொண்டால் அவனுக்குப் பரிந்து பேசாதீர்கள். பேசியே தீர வேண்டுமென்றால், கண்ணாடிக் குடுவைக்குள் நின்று பேசுங்கள்.

மந்தி இன்னும் அதே மரத்தில்தான் இருக்கிறது. யாராவது சாறு கேட்டு வந்தால், என்ன பாத்திரம் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்று முதலில் கேட்கிறது.