சகலை கொடுத்த நாற்று

வாசகரே, ‘நம்மாள்காரர்’ என்றொரு இனம் உண்டு. பயிர் செய்கிற ஊர்களில் அடர்த்தியாகக் காணப்படும். டிராக்டர் நன்றாக உழுமா என்று இவர் கேட்க மாட்டார். ஓட்டுகிறவன் யார் வீட்டுப் பிள்ளை, பெண் எங்கே எடுத்தான், அந்தப் பெண்ணின் சித்தப்பா இன்னார்தானா என்று துருவித் துருவி விசாரித்து, எங்காவது ஒரு மூலையில் நூலிழை அளவு உறவு தட்டுப்பட்டதும், “அட, நம்மாள்” என்று வண்டியை வயலில் இறக்கச் சொல்வார். உழவு எப்படி? அதை யார் பார்த்தது?

எனக்குத் தெரிந்த நம்மாள்காரர் ஒருவர் முட்டைக்கோஸ் போட்டார். கடைத்தெருவிலேயே நாற்றுக்கடை இருந்தது. ஆனால் கடைக்காரர் வெளியூர். வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. ஆகவே இவர் அந்தக் கடையைத் தாண்டி, இருபது கிலோமீட்டர் போய், சகலையின் பண்ணையில் நாற்று எடுத்தார். கணவனை இழந்த தங்கைக்கும் சேர்த்து. அவளுக்கு இருப்பதே அரை ஏக்கர்.

“என்ன ரகம்னு கேட்டியாண்ணா?”

“சகலைகிட்டப் போய் ரகம் கேக்கறதா? மனுஷன் என்ன நினைப்பான்?”

இரண்டு மாதம் ஆயிற்று. இலை வந்தது. மேலும் இலை வந்தது. உருண்டை மட்டும் கட்டவில்லை. தங்கை முறம் அகலத்துக்கு ஓர் இலையைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் போட்டாள்.

“இதை யார் வாங்குவா, சொல்லு.”

நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடுவதாக அவர் புறப்பட்டார். சகலை வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டான். கொழுந்தியாள் தட்டு வைத்தாள். மறுசோறு வாங்கிய வாயால் எப்படிச் சண்டை போடுவது? மாலையில் திரும்பியபோது வண்டியில் காலிஃபிளவர் நாற்று நாலு தட்டு இருந்தது.

“உனக்கு ரெண்டு,” என்றார் தங்கையிடம்.

“வேண்டாம். அந்த நாற்றுக்கடைக்காரர் தோட்டத்துக்கு வந்து பாத்துட்டுப் போனார்.”

“அவன் யாரு எவருன்னே தெரியாதே.”

“மண்ணைக் கையில எடுத்துப் பாத்தாருண்ணா. ஈரம் அதிகம், இப்ப என்கிட்டயே வாங்காதீங்க, பத்து நாள் பொறுங்கன்னார். விக்கிறவரே வேண்டாங்கிறார். எனக்கு அது போதும்.”

பொறுத்தாள். நட்டாள். அந்த அறுவடையில் அவள் தோட்டத்துக் கோஸ் கல்லு மாதிரி இறுகிக் கட்டியிருந்தது. அண்ணன் தோட்டத்தில்? மறுபடியும் இலைதான்; ஆடுகளுக்கு ஒரு குறையும் இல்லை.

நாலு நாள் கழித்து அவரும் நாற்றுக்கடைக்குப் போனார்.

“எந்த ரகம் வேணுங்க?” என்றார் கடைக்காரர்.

“அது கெடக்கட்டும். உங்க வீட்டுக்காரம்மா எந்தப் பக்கம்?”

அரைமணி நேரம் நடந்தது விசாரணை. வெளியே வந்தவர் முகத்தில் அப்படியொரு தெளிவு. எதிரே வந்தவரை எல்லாம் நிறுத்திச் சொன்னார்: “எங்க அத்தைக்குச் சம்பந்தி வழி. தைரியமா வாங்கலாம்.”

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். உங்கள் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய டாக்டர், உங்கள் மைத்துனரோடு ஒரே பெஞ்சில் படித்தவர்தானே? வலித்த பல் இன்னும் வாயில்தான் இருக்கிறதா என்று நான் கேட்கப் போவதில்லை.