செல்லக்கிளி சோதித்த நான்கு வேலிகள்

1981 மே 17, ஞாயிறு, காலை ஏழு மணி பத்து நிமிடம். வானத்தில் மூன்று துண்டு மேகம், மழைக்கு வழியில்லை. அந்த நேரத்தில்தான் வேலி இன்ஜினியர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஆட்டிடம் ஒப்புதல் வாங்கி வேலி போட்ட மனிதர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க முடியும்.

படித்த இன்ஜினியர் அல்ல. கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் வாட்ச்மேன். ஊரில் யார் வேலி போட்டாலும் யோசனை சொல்லக் கூலியில்லாமல் வந்துவிடுவார். கூடவே செல்லக்கிளி என்ற வெள்ளாடு. நான் அப்போது கணக்கு வாத்தியார். புது வீட்டைச் சுற்றி இருபத்துநான்கு செம்பருத்திக் கன்றுகள் வைத்திருந்தேன். தெருவில் ஆடுகள் பதினொன்று. எனக்கு நிம்மதி இல்லை.

"வேலியை மனுசன் பாத்து என்ன செய்ய சார்வாள்? உள்ள வர ஆசப்படுதவ பாத்துல்லா சொல்லணும்!" என்றார்.

முதலில் பனைமட்டை வேலி. கட்டி முடித்ததும் செல்லக்கிளியை அவிழ்த்துவிட்டார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நான்கே நிமிடம். இரண்டு மட்டைகளை முட்டி விலக்கி உள்ளே போய் ஆறு கன்றுகளைத் தின்றது.

"வேலி ஃபெயிலு!" என்றார் சந்தோஷமாக.

"அண்ணாச்சி, ஆட்டைப் பிடிங்க!"

"பாதியில நிறுத்துனா டெஸ்ட்டு செல்லாது சார்வாள்."

அடுத்தது கிளுவை வேலி. கிளுவைக் கிளைகளைப் போத்தாக வெட்டி நட்டு, தண்ணீர் ஊற்றி, அது துளிர்க்க இரண்டு மாதம் காத்திருந்தேன். செல்லக்கிளி உள்ளே போகவே இல்லை. வெளியில் நின்றபடி வேலியைத் தின்றது.

"உள்ள போவலல்லா? கன்னு அம்புட்டும் பத்திரம்!"

"வேலி எங்க அண்ணாச்சி?"

"அது வேற கேள்வி."

மூன்றாவதாகக் கல்தூண் நட்டு மூன்று வரிசை முள்கம்பி. ஐப்பசி மழையில் கரிசல் மண் ஊதிப் பெருத்துப் பன்னிரண்டு தூண்களும் பன்னிரண்டு பக்கம் சாய்ந்தன. தொய்ந்த கம்பிக்கு அடியில் செல்லக்கிளி பணிவாகக் குனிந்து போனது. ஐந்து கன்றுகள் காலி.

என் மனைவி கேட்டாள்: "ஆடு வராம இருக்க வேலி போடுதீகளா, இல்ல வேலி போடணும்னு ஆட்டைக் கூட்டியாரீகளா?"

தை மாதம் தூண்களை ஆழமாக நட்டு, ஏழு வரிசை கம்பி இழுத்து, அடியில் உடைமுள் வைத்துக் கட்டினோம். செல்லக்கிளி மூன்று முறை சுற்றி வந்தது. முட்டிப் பார்த்தது, மண்டியிட்டுப் பார்த்தது. முப்பத்தெட்டு நிமிடம் கழித்து ஒரே இடத்தில் நின்று கத்தியது.

நான் கைதட்டப் போனேன். இன்ஜினியர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"வயசாயிட்டு சார்வாள் அவளுக்கு," என்றார். "இதுக்கு முன்னால எங்கயும் தோத்ததே இல்ல."

என் மனைவி கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. அவர் தொடவில்லை. துண்டால் முகத்தைத் துடைக்க அவர் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், நான் வேலிக் கதவின் கொக்கியை எடுத்துவிட்டேன்.

"சார்வாள்! பூந்துட்டா! எங்கன பூந்தா, பாத்தீயளா?"

"பாக்கலையே அண்ணாச்சி."

"நான் சொல்லல? கெட்டிக்காரி!" ஆறிய காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

நான்கு வேலிக்கும் சேர்த்து எழுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய் ஐம்பது காசு ஆயிற்று. அன்று செல்லக்கிளி தின்ற கன்றுகளை மட்டும் நான் எண்ணவில்லை.