உபதேசியார் வளவில் ஒரு புற்று

பெற்றிசியா கதிரைக்கு மேல் ஏறி நின்றாள். கையில் சோற்றுப் பானை. அடுப்பிலிருந்து இறக்கிய நேரத்தில் சங்கதி நடந்துவிட்டதால் பானையையும் தூக்கிக்கொண்டே ஏறிவிட்டாள்.

"எங்க போனது?" என்றார் கிறகரி.

"புத்துக்கை."

"நாகமோ?"

"நான் என்ன பேர் விசாரிச்சுக்கொண்டே நிண்டனான்? தலை உள்ளுக்கை போயிட்டுது. வாலைத்தான் கண்டன். என்ர மணிக்கட்டளவு மொத்தம்."

"வால் எண்டால் தலையும் இருக்கும்" என்றார் கிறகரி. உபதேசியார் அல்லவா, எதையும் ஒரு தீர்ப்புப் போலத்தான் சொல்லுவார்.

பானையை வாங்கி வைத்து, மனைவியை இறக்கி, தண்ணீர் கொடுத்தார். அவள் குடித்து முடித்ததும் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கினாள்.

"மன்னார் உப்புக்குளத்துக்குப் போறன். செலீனா அக்கா வீட்டை. பாம்பு போனால் வாறன். போகாட்டி நீங்களும் அதுவுமா இருங்கோ."

சொன்னபடி செய்கிறவள் பெற்றிசியா. அடுத்த பஸ்ஸில் மன்னாருக்குப் போய்விட்டாள்.

 இடம்பெயர்ந்து ஊர் ஊராக அலைந்த காலத்தில்கூட கிறகரியும் அவளும் ஒரு நாள் பிரிந்து இருந்ததில்லை. இப்போது சொந்த மண்ணில் தகரக் கொட்டில் போட்டு, வீட்டுத்திட்டத்தில் பெயரும் விழுந்து, அத்திவாரம் வெட்ட வேண்டியதுதான் பாக்கி. மழைக்கு முன் வெட்டாவிட்டால் வீடு வேறு குடும்பத்துக்குப் போய்விடும். ஊரில் ஆளில்லாத காலத்தில் வளர்ந்த அந்தப் புற்றோ, சரியாக விறாந்தை வரவேண்டிய இடத்தில் இடுப்பளவு உயரத்துக்கு நின்றது.

மேற்கு வேலியில் யோகராசாவின் தலை தெரிந்தது. வயல்காரர், சைவர், கதை கேட்பதற்கென்றே வேலியைத் தலை தெரியப் பதிவாகக் கட்டியவர்.

"உபதேசியார், ஒரு முட்டையும் கொஞ்சம் பாலும் வையுங்கோ. 'தம்பிரானே, நாங்கள் வீடு கட்டப் போறம், நீங்கள் வேற இடம் பாருங்கோ' எண்டு மரியாதையாச் சொல்லுங்கோ. போயிடுவார்."

"போயிடுவாரோ? ஆர்?"

"நாகதம்பிரான்."

கிறகரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிரசங்கம் வரப்போகிறது என்று அர்த்தம். பங்குச் சுவாமி மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் கோவிலுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் வழிபாடு நடத்துவது கிறகரி. போன ஞாயிறுதான் அவர் புறச்சமய மூடநம்பிக்கைகளைக் கிழிகிழியென்று கிழித்து, கையில் கறுப்புக் கயிறு கட்டியிருந்தவர்களை வரிசையில் நிறுத்தி, தன் கையாலேயே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டிருந்தார்.

"யோகராசா அண்ணை, தொடக்கநூல் மூண்டாம் அதிகாரம். பாம்பு சபிக்கப்பட்டது. அதின்ர தலையை நசுக்க வேணுமே ஒழிய முட்டை வைக்கப்படாது."

"அப்ப மோசே கம்பத்தில பாம்பைத் தூக்கி வைச்சது? பாத்தவையெல்லாம் பிழைச்சவையாமே."

கிறகரி திடுக்கிட்டார். "இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"மடு மாதா கோவிலடியில அகதியா இருக்கேக்க நீங்கள் மறைக்கல்வி படிப்பிச்ச பாலை மரத்துக்குப் பின்னாலதான் நல்ல நிழல். படுத்திருந்து கேட்டனான். 'பாம்பைப் போல விவேகமா இருங்கோ' எண்டு சொன்னது எங்கட தம்பிரான் இல்லை, உங்கட ஆண்டவர்."

தான் விதைத்தது வேலிக்கு அப்பால் முளைத்திருப்பதைக் கண்டு கிறகரிக்குப் பெருமையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஆனால் அவரிடம் இன்னும் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது.

"முழுக்கக் கேக்காமல் நித்திரை ஆயிட்டியள். அந்த வெண்கலப் பாம்புக்குச் சனம் சாம்பிராணி காட்டத் தொடங்க, எசேக்கியா அரசன் அதைத் துண்டு துண்டா உடைச்சவன். அரசர் இரண்டாம் நூல், பதினெட்டாம் அதிகாரம்."

யோகராசா புற்றைப் பார்த்தார். "அது வெண்கலம். இது உயிரோட கிடக்கு. எங்க, உடையுங்கோ பாப்பம்."

ஆண்பிள்ளையிடம் இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. கிறகரி நேரே கோவிலுக்குப் போய், குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கை எடுத்து வந்தார். சிலுவை அடையாளம் போட்டார். தலைக்கு மேலே ஓங்கிப் புற்றின் நடுவில் ஒரு குத்துக் குத்தினார். அலவாங்கு பாதிக்கு இறங்கியது. உள்ளே 'உஸ்' என்று ஒரு சீறல் கேட்டது. அடுத்த குத்துக்கு அலவாங்கைப் பிடுங்குவதற்கு உபதேசியார் அங்கே இல்லை. கோவில் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தார்.

அலவாங்கு புற்றிலேயே நின்றது. அதைப் போய் எடுக்கும் துணிவு அவருக்கும் வரவில்லை, ஊரில் வேறு எவருக்கும் வரவில்லை. புற்றின் உச்சியில் இரும்பு ஒன்று நேராக நிமிர்ந்து நிற்பதைப் பார்த்த யோகராசாவின் மனைவி மங்கையற்கரசி, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஒரு செவ்வரத்தம் பூவை வைத்தாள். மறுநாள் யாரோ மஞ்சள் துணி கட்டினார்கள். அதற்கடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தால் புற்றடியில் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மெழுகுதிரி சைவர்கள் வைப்பதில்லை. கிறகரி தன் சபையை நினைத்துத் தலையில் கை வைத்தார்.

விக்கிரகத்தை உடைக்கப் போன மனிதர் தன் வளவில் தன் கையாலேயே ஒரு கோயிலை நாட்டிவிட்டார்.

இனிப் பொறுக்க முடியாது என்று கிறகரி மடுவுக்குப் போனார். மாதாவின் சந்நிதியில் முழங்காலில் நின்று அழுதார். வரும்போது பால்மாத் தகரப் பேணி நிறைய மடு மண் கொண்டுவந்தார். மடு மண் தூவின இடத்துக்குப் பாம்பு வராது என்பது மன்னாரில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும்.

"உது மட்டும் மூடநம்பிக்கை இல்லையோ?" என்றது மேற்கு வேலி.

"இது விசுவாசம்."

"என்ன வித்தியாசம்?"

"அதைச் சொல்ல ஒரு ஞாயிறு காணாது" என்று சொல்லிவிட்டு, வேலியோரமாக வளவைச் சுற்றி ஒரு இடமும் விடாமல் மண்ணைத் தூவினார். தூவி முடித்து உப்புக்குளத்துக்குப் போன் எடுத்தார். பெற்றிசியா அடுத்த நாளே பையோடு வந்து இறங்கினாள். படலையடியில் அவளைக் கண்டதும் கிறகரிக்குக் கண் கலங்கியது.

"வா பெற்றிசியா. வளவைச் சுத்தி மடு மண் போட்டிருக்கு. இனி ஒரு பாம்பும் தாண்டாது."

"அதுதானே நானும் யோசிக்கிறன்" என்றார் யோகராசா வேலிக்கு மேலாக. "பாம்பு உள்ளுக்கை இருக்கேக்க சுத்திவரப் போட்டியள். இனி அது எப்பிடி வெளியில போறது?"

பெற்றிசியா பையைக் கீழே வைக்கக்கூட இல்லை. வந்த பஸ் இன்னும் சந்தியில்தான் நின்றது.

கிறகரி யோகராசாவைப் பார்த்த பார்வையில் பத்துக் கட்டளைகளில் ஒன்று மீறப்பட்டது.

ஆனாலும் சொன்னதில் நியாயம் இருந்தது. எங்காவது ஒரு பக்கம் வாசல் விட வேண்டும். மேற்கே விட யோகராசா சம்மதிக்கவில்லை. "எங்கட தம்பிரான்தான், அதுக்காக வீட்டுக்கை வரச் சொல்லேலுமோ?" என்றார். வடக்கே கோவில். தெற்கே றோட்டுக்கு அந்தப் பக்கம் ஆமிக்காரரின் காவலரண். அங்கே பாம்பு போனால் அனுப்பியது யாரென்று விசாரணை வரும். மிச்சமிருந்தது கிழக்கு. அங்கே புத்தளத்தில் இருபது வருசம் அகதியாய் இருந்துவிட்டு இப்போதுதான் திரும்பி வந்து, கொட்டிலும் கோழிக்கூடுமாய்க் குடியேறியிருந்த ஹவ்வா உம்மா. வேதமும் புராணமும் தெரிந்த இரண்டு பேரும் கூடிக் கதைத்துக் கிழக்கு வேலியில் நாலு முழத்துக்கு மண்ணைக் கூட்டி அள்ளினார்கள். ஹவ்வா உம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை.

வாசல் திறந்துதான் இருந்தது. புற்றுக்குள் இருந்தது போகவில்லை. உள்ளே அசைகிற சத்தம் தகரத்துக்குள் படுத்திருந்த கிறகரிக்குக் கேட்டது. வானத்தில் மேகமும் கூடத் தொடங்கியது. தானே சமைத்த சோற்றைத் தானே தின்ன வேண்டிய கஷ்டம் வேறு.

ஒரு நாள் ஹவ்வா உம்மா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"ஒரு முட்டை வேணும்."

"பெற்றிசியா வந்திட்டாவோ?"

"இல்லை. எனக்குத்தான். உடம்பு கொஞ்சம் பலவீனம்."

அது பொய் என்று சொல்ல முடியாது. பலவீனம் இருந்தது, உடம்பில் இல்லை.

மத்தியானம். மேற்கு வேலிக்கு அப்பால் குறட்டைச் சத்தம். கிறகரி ஒரு சிரட்டையில் பாலும் பக்கத்தில் முட்டையுமாகப் புற்றடியில் குந்தினார். இது வழிபாடு அல்ல என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பசித்தவருக்கு உணவு கொடுக்கச் சொல்லி மத்தேயு இருபத்தைந்தில் இருக்கிறது. பசித்தவருக்குக் கால் இருக்க வேண்டும் என்று அங்கே எழுதவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்பதில்தான் தடுமாறினார். தம்பிரானே என்று நாக்கு வராது. அசிசி நகர்ப் புனிதர் ஓநாயையே சகோதரன் என்று கூப்பிட்டவர் அல்லவா என்று நினைவு வந்ததும் வழி பிறந்தது.

"சகோதரனே" என்றார் குரலைத் தாழ்த்தி. "என்ர மனுசி இல்லாமல் எனக்கு இருக்கேலாது. தயவுசெய்து நீங்கள் வேற இடம் பாருங்கோ."

பின்னேரம் வந்து பார்த்தார். பாலில் எறும்பு மிதந்தது. முட்டையைக் காணவில்லை. உடம்பு புல்லரித்தது.

அதன்பிறகு தினமும் ஒரு முட்டை, தினமும் ஒரு 'சகோதரனே'. சில நாளில் அந்த மத்தியான நேரத்தை அவர் எதிர்பார்க்கவும் தொடங்கிவிட்டார். ஊர்ப் புதினம், சுவாமியின் கோபம், செலீனாவின் சமையலைப் பெற்றிசியா போனில் புகழ்ந்தது எல்லாவற்றையும் புற்றோடு கதைத்தார். கத்தரிக்கோல் ஞாபகம் வரும்போது மட்டும் வெட்கமாக இருந்தது.

இதற்கிடையில் கொட்டிலில் இருந்த பால்மாப் பேணி காணாமல் போனது. மிச்ச மடு மண் அதில்தான் இருந்தது. கிறகரி தேடவில்லை, ஏனென்றால் வேலிக்கு அந்தப் பக்கம் யோகராசாவின் வளவில் புதிதாக ஒரு மண்கோடு தெரிந்தது. அவர் நின்று அதைப் பார்க்கும்போது யோகராசாவும் பார்த்தார். புற்றடியில் உருண்டு கிடந்த சிரட்டையையும் பார்த்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றிக் கதைத்தார்கள்.

ஒரு காலை கிழக்கு வாசலில் மணலில் ஒரு தடம். புற்றிலிருந்து புறப்பட்டு வாசலால் வெளியே போயிருந்தது. நீளமாக இழுபட்ட கோடு, இரண்டு பக்கமும் நகக் கீறல்கள்.

"கீறல் கோழி கிளறினது" என்றார் கிறகரி.

"கோடு அவர்தான். போயிட்டார்" என்றார் யோகராசா.

பெற்றிசியா திரும்பி வந்தாள். இந்த முறை பையைக் கீழே வைத்தாள். புற்றை வெட்டிச் சமப்படுத்தினார்கள், அலவாங்கு கோவிலுக்குப் போனது. அத்திவாரக் கல்லை மந்திரித்து ஆசீர்வதிக்கச் சுவாமி வந்தார். ஊரே கூடியது.

மந்திரித்து முடிந்து, தேத்தண்ணி குடிக்கும்போது சுவாமி கேட்டார். "என்ன உபதேசியார், மடு மண்தான் பாம்பைக் கலைச்சதாம் எண்டு சனம் கதைக்குது. ஞாயிறு நீங்களே சாட்சி சொல்லுங்கோவன்."

கிறகரி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். சாட்சி சொன்னால் பொய். சொல்லாவிட்டால் முட்டை வெளியில் வரும்.

"சுவாமி, மண் எண்டு மட்டும் சொல்லேலாது" என்று இழுத்தார். "யோகராசா அண்ணையவையிட நம்பிக்கையிலயும் ஏதோ இருக்கு."

"சீச்சீ, அப்பிடிச் சொல்லாதேங்கோ" என்றார் யோகராசா அவசரமாக. "முழுக்க மாதாதான். அந்த மண்ணின்ர சக்தி எனக்குத் தெரியும்."

"இல்லை அண்ணை, தம்பிரானுக்கும் பங்கு உண்டு."

"இல்லை உபதேசியார், மாதாவுக்குத்தான்."

வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று வாரக்கணக்காகச் சண்டை பிடித்தவர்கள் ஆளுக்காள் விட்டுக்கொடுப்பதைப் பார்த்துச் சுவாமி நெகிழ்ந்துபோனார். சமய நல்லிணக்கம் என்றால் இதுதான் என்றார். பெற்றிசியா மட்டும் புருசனை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

அப்போது கிழக்கு வாசலால் ஹவ்வா உம்மா வந்தார். முக்காட்டைச் சரிசெய்து, சுவாமிக்கு மரியாதையாகத் தலையசைத்துவிட்டு, கிறகரிக்கு நேரே போய் நின்றார்.

"உபதேசியார், நீங்கள் மத்தியானத்தில 'சகோதரனே' எண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு முட்டை தீத்தின அந்த உடும்பு, இப்ப என்ர கோழிக்கூட்டு வாசலில வந்து குந்தியிருக்கு, ஒருக்கா வந்து உங்கட சகோதரத்தைக் கூட்டிக்கொண்டு போறியளோ?"