முன் ரூமும் நாப்பத்திமூணு ஸ்டிக்கரும்

முன் ரூமை மீட்டே தீருவேன்னு 2007-ஆம் வருசம் தைப்பூசத்தன்னிக்கு சபதம் போட்டேனுங்க. சபதம்னா சத்தமாப் போடோணும். நான் மனசுக்குள்ள போட்டேன். எம் பொண்டாட்டி சித்ரகலா பக்கத்து ரூம்லதான் இருந்தா.

எம் பேரு அர்த்தநாரி. திருப்பூர்ல ஒரு எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில பதினெட்டு வருசமா க்யூ.சி. குத்தம் கண்டுபிடிக்கிறதுதான் எந் தொழில். துணியில குத்தம் எங்கே இருக்குதோ அங்கே சேப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒண்ணை ஒட்டிட்டு அடுத்த பீஸுக்குப் போயிருவேன். என்னைப் பார்த்தா டெய்லருங்க எச்சில் முழுங்குவாங்க. ஊட்டுக்கு வந்தா அந்த எச்சிலை நான் முழுங்குவேன்.

உலகக் கோப்பை வருதுன்னு இருபத்தொம்போது இஞ்ச் டி.வி. வாங்கியிருந்தேனுங்க. அது அட்டைப்பெட்டியோட கட்டில் கால்மாட்டுல கெடந்துது. முன் ரூம் முழுக்க அவளோட கம்பி, களிமண்ணு, நூல் கோன், பழைய டேப் ரெக்கார்டர். கேட்டா ஓவியமாம்.

"ஏம்புள்ள, ஓவியம்னா ஒரு மயிலு, ஒரு அருவி. போட்டமா, மாட்டுனமான்னு இருக்கோணும். ஆறு மாசமா உள்ள என்னதான் பண்றே?"

"ஓட்டைங்க."

"என்னது?"

"உங்க பனியன்ல இடது கக்கத்துக்குக் கீழே ஒரு ஓட்டை இருக்குதுல்லீங்க? அதுதானுங்க."

கம்பெனியில கழிச்சுப்போட்ட பீஸைத்தான் நாங்க ஊட்டுல போட்டுக்குவோம். திருப்பூரே அப்படித்தான். அதனால ஓட்டை இருந்தது எனக்கு அதிசயமில்லீங்க. அதுக்கு ஒரு ரூம் ஒதுக்கினதுதான் அதிசயம்.

"ஒரு ஓட்டைக்குப் பத்துக்குப் பன்னெண்டு ரூமா?"

"ஒரே ஓட்டையை எட்டு விதமாச் செய்றேனுங்க. பென்சில்ல ஒருக்கா, கம்பியில ஒருக்கா, மண்ணுல ஒருக்கா. எல்லாத்துக்கும் ஒரே வடிவம், ஒரே கணக்கு. ஓட்டையைச் சுத்தி முப்பத்தாறு நூல் லூப்புங்க. எதுல செஞ்சாலும் முப்பத்தாறு மாறக்கூடாது."

"மாறினா?"

"பிரிச்சுட்டு மறுபடியும் செய்வேனுங்க."

எனக்குக் கொஞ்சம் பயமாயிருச்சு. எங்க கம்பெனியிலகூட யாரும் இப்படி வேலை செய்றதில்லை.

அப்புறம் அவளே சொன்னா. "கோயமுத்தூர் கேலரியில இருந்து ஒரு மேடம் ஞாயித்துக்கிழமை பார்க்க வர்றாங்க. அவங்களுக்குப் புடிக்கலைன்னா ரூம் உங்களுதுங்க. டி.வி.யை நானே தூக்கி வெச்சுத் தர்றேன்."

"புடிச்சுட்டா?"

"எப்பவும் எனக்குங்க."

சொல்றப்ப அவ குரல் லேசா நடுங்குச்சு. எனக்குக் கேட்டுச்சுங்க. கேக்காத மாதிரி டி.வி. பெட்டியைத் தடவிக்கிட்டு நின்னேன்.

சனிக்கிழமை காலைல பத்து மணி. கூடையை எடுத்துக்கிட்டா.

"சந்தைக்குப் போயிட்டு வர்றேனுங்க. முன் ரூம் தெறந்திருக்குது. பூனை பூந்திராமப் பார்த்துக்கங்க."

பூனை பூகலைங்க. நான் பூந்தேன்.

பூந்தவன் அப்படியே நின்னுட்டேன். சொவத்துல பென்சில் படம், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு ஓட்டை. ஒவ்வொரு லூப்பும் மூச்சு விடுற மாதிரி இருந்துச்சு. பக்கத்துல அதே ஓட்டை கட்டுக்கம்பியில. கீழே மண்ணுல. நூல்ல பின்னினது மேலே விட்டத்துல இருந்து தொங்குது, உள்ளே ஒரு ஆள் நுழையலாம். ஜன்னல்ல அந்த நெசப் பனியனையே கட்டி வெச்சிருக்கா. ஓட்டை வழியா வெயில் பூந்து எதுத்த சொவத்துல விழுது. மணிக்கு ஒருக்கா அது நகர்ந்த எடத்தையெல்லாம் சாக்பீஸ்ல குறிச்சிருக்கா. டேப் ரெக்கார்டரை அமுக்கினேன். நிட்டிங் மிஷின் ஓடுது, ஓடுது... டக்குனு ஊசி முறியிற சத்தம். ஓட்டை பொறந்த சத்தமுங்க அது!

பதினெட்டு வருசமா லச்சம் ஓட்டையைக் கழிச்சிருப்பேன். ஒண்ணைக்கூட நின்னு பார்த்ததில்லை. நானு கட்டிக்கிட்டு வந்த புள்ளையா இவள்னு ஆயிப்போச்சுங்க.

அந்த நேரம் பார்த்து கண்ணுல பட்டுது. கம்பி ஓட்டையில எண்ணிப் பார்த்தா முப்பத்தஞ்சு லூப்பு! டேபிள் மேல என்னோட அம்புக்குறி ஸ்டிக்கர் ரோல் வேற இருந்துச்சு. நாந்தான் மறந்து வெச்சிருப்பேன்னு நெனச்சேன்.

கை கேக்குமா? ஒட்டினேன். மண்ணுல ஒரு விரிசல், ஒட்டினேன். பென்சில் படத்துல ஒரு கோடு தடிப்பு, ஒட்டினேன். வர்ற மேடம் ஒரு குத்தத்தையும் தவற விட்டுறக் கூடாதில்லீங்க? மொத்தம் நாப்பத்திமூணு. அலமாரியில அவளோட நோட்டு இருந்துச்சு. எம்பது பக்கம். எங்க தொழில்ல முழு லாட்டையும், அதாவது மொத்தச் சரக்கையும், பார்க்கிற வழக்கம் கிடையாது. நூத்துக்கு இருபது எடுத்துப் பார்த்தாப் போதும். அங்கங்கே பதினாறு பக்கம் பொரட்டினேன். அளவு, கணக்கு, அளவு, கணக்கு. மூடி வெச்சுட்டேன்.

சந்தையில இருந்து வந்தவ ரூமை எட்டிப் பார்த்தா. சுண்டைக்காய் ஆய உக்காந்துட்டா. செயிச்சுட்டேன்னு அந்த டி.வி. பெட்டிக் கயித்தை அவுத்தே வெச்சுட்டேன்.

ஞாயித்துக்கிழமை.

"ஏனுங்க, இந்தப் பனியனைப் போட்டுக்கங்க. முதுகுல நூலு ஒட்டியிருக்குது, நில்லுங்க"ன்னு தட்டிவிட்டா. எத்தனை அக்கறை பாருங்க!

மேடம் வந்தாங்க. கண்ணாடியை ஏத்திவிட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க. நான் காபியோட பின்னாடியே போனேன்.

"இந்த அம்புக்குறியெல்லாம் யாரு ஒட்டினது?"

"நானுங்க!" நெஞ்சை நிமித்தினேன். "நாப்பத்திமூணு குத்தமுங்க. எங்க கம்பெனியா இருந்தா மொத்த லாட்டும் ரிஜெக்ட்."

சித்ரகலா நோட்டை எடுத்து அறுவத்தோராம் பக்கத்தை விரிச்சுக் குடுத்தா. மேடம் சத்தமாப் படிச்சாங்க.

"சனி பத்து மணி: நான் சந்தைக்கு. ஸ்டிக்கர் ரோலை டேபிள் மேல வெக்கோணும். கம்பியில ஒரு லூப் கொறைக்கோணும். பத்தேகால்: இவரு உள்ளே வருவாரு. மொதல்ல அசந்து போய் நிப்பாரு. அப்புறம் ஒட்டுவாரு. நாப்பதுக்குக் கொறையாது."

தேதியைப் பார்த்தேன். ரெண்டு மாசத்துக்கு முந்தியே எழுதியிருக்குது! நான் சபதம் போடறதுக்கு முந்தியே!

"ஏம்புள்ள..."

"ஓட்டையை ஓட்டைன்னு சொல்றதுக்கு ஒரு ஆள் வேணுமில்லீங்க? அந்தக் கை இல்லாம இது முடியாதுங்க. திருப்பூர்லயே நல்ல கை உங்க கைதானுங்க."

சத்தியமாச் சொல்றேன், பதினெட்டு வருசத்துல ஒரு எம்.டி.கூட எனக்கு இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லைங்க. கண்ணு கலங்கிருச்சு. டி.வி. ஞாபகம் வந்து மறுபடியும் கலங்குச்சு.

மேடம் நோட்டை மூடி, "எட்டையும் எடுத்துக்கறேன்"னாங்க.

எட்டா? என் மூளை மின்னலா வேலை செஞ்சுது. எண்ணினேன். மறுபடியும் எண்ணினேன். கடைசி நேரத்துல மாரியாத்தா கைவிடலைங்க!

"மேடம், ஏழுதானுங்க இருக்குது! ஒண்ணு கொறையுது! ஷார்ட் ஷிப்மெண்ட்!"

அவங்க என்னை ஒரு சுத்து சுத்தி வந்து பார்த்தாங்க. "எண்ணிக்கை சரியாத்தானுங்க இருக்குது"ன்னு சிரிச்சுட்டுக் காபியைக் குடிச்சாங்க.

சாயங்காலம் குளிக்கப் போய் பனியனைக் கழட்டினேனுங்க. பனியன் முதுகுல ஒரு சேப்பு அம்புக்குறி, அது மேல சித்ரகலா கையெழுத்துல 'எட்டு'.