ரோலர் அண்ணாச்சியும் ஏலத்துக்கு வந்த வண்டியும்

கோவில்பட்டியில் ரோலர் அண்ணாச்சியை முந்தாத ஜீவராசி கிடையாது. பஸ், லாரி, சைக்கிளெல்லாம் இருக்கட்டும். மேய்ச்சலுக்குப் போகிற செம்மறி ஆடுகள்கூட அவரைத் தாண்டிப் போய், திரும்பி நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் நகரும். ரோடு காண்டிராக்டர் ஒருவரிடம் ரோலர் ஓட்டினார். ஓட்டி ஓட்டி மனிதரும் ரோலராகவே ஆகிவிட்டார். டீக்கடையில் "அண்ணாச்சி, சௌக்கியமா?" என்று கேட்டால், நாம் குடித்து முடித்துக் கிளாஸை வைக்கும்போது, "இருக்கேன், அதுக்கென்ன?" என்று பதில் வரும். எங்கள் தெருவில்தான் குடியிருந்தார். பெயர் என்று ஒன்று இருந்திருக்கும், நான் கேட்டதில்லை.

மனைவிக்கு வலி கண்டுவிட்டதென்று சேதி வந்தபோது எட்டயபுரம் ரோட்டில் ஜல்லி அமுக்கிக்கொண்டிருந்தாராம். எவன் பைக்கிலாவது தொற்றிக்கொண்டு வர வேண்டிய மனுஷன், பதற்றத்தில் ரோலரோடேயே கிளம்பிவிட்டார். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது பிள்ளை தவழ ஆரம்பித்திருந்தது என்று தெருவில் சொல்வார்கள். எங்கள் தெருக்காரர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

அந்தப் பிள்ளைதான் மாரி. அப்பா செலவழிக்காமல் வைத்திருந்த வேகமெல்லாம் அவனிடம் வந்து சேர்ந்திருந்தது. இன்ஜின் ஒரு வண்டியது, சேஸ் இன்னொரு வண்டியது, நம்பர் பிளேட் எந்த வண்டியதும் இல்லை. இப்படி ஒரு பைக்கை அவனே சேர்த்துக் கட்டியிருந்தான். மக்காச்சோளம் அறுத்த கரிசல் காட்டிலும், தண்ணீரில்லாத கண்மாய்க்குள்ளும் பையன்கள் திருட்டுத்தனமாகப் பந்தயம் விடுவார்கள். அதற்கென்றே கட்டிய வண்டி. அதன் சத்தத்துக்கு நாகலாபுரத்தில் தூங்குகிற குழந்தை எழுந்துவிடும்.

போலீஸ்காரர்கள் இந்த மாதிரி சைலன்சர்களைக் கழற்றி ரோட்டில் வரிசையாக அடுக்கி, நசுக்குவதற்கு அண்ணாச்சியையே கூப்பிட்டார்கள். ஊரே வேடிக்கை பார்த்தது. வரிசையில் மாரியுடையதும் கிடந்தது. அண்ணாச்சி முகத்தை மாற்றாமல் அத்தனையையும் அப்பளமாக்கிவிட்டு இறங்கினார்.

"அண்ணாச்சி, ஒங்க பையனோடதும் கெடந்துச்சே!" என்றேன்.

"தெரியும்லா? அதுமேல மட்டும் இன்னொரு வாட்டி ஏத்தினேன்."

கொஞ்ச நாளில் மாரி அதைவிடச் சத்தமாக இன்னொன்றை மாட்டிக்கொண்டு வந்தான். ஊர்ந்துகொண்டிருந்த ரோலரைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து, "வாரேம்ப்பா!" என்று கத்திவிட்டுப் பறந்தான். அண்ணாச்சிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் பல்லை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

போன கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஆட்டுக்குட்டியின் கால் உள்ளே போய்விடும், அவ்வளவு பெரிய வெடிப்பு. பந்தயத்தில் மாரியின் முன்சக்கரம் அதில் மாட்டிக்கொண்டது. அவன் பிழைக்கவில்லை. அவனை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது. பைக்கைப் போலீஸ் கொண்டுபோனது. பைக்குக்கு ஒரு கீறல்தான்.

பேப்பர் இல்லாத வண்டி என்பதால் அதைக் கேட்டு வாங்கவும் முடியாது. ஸ்டேஷனுக்குப் பின்னால் வெயிலில் கிடந்தது. பிடிபட்ட வண்டிகளையெல்லாம் ஏலம் விடப்போகிறார்கள் என்று பிறகு தெரிந்தது. உடைக்க வேண்டுமா, விற்க வேண்டுமா என்று டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. நான் விற்கிற கட்சி.

"நல்ல இன்ஜின வச்சுத் துருப்பிடிக்க விடுததா? இல்லாதப்பட்டவன் எவனாவது எடுத்து ஓட்டிட்டுப் போறான்" என்றேன்.

அண்ணாச்சி அன்றைக்கு உடனே பதில் சொன்னார்.

"சத்தத்த நசுக்குதாவ, வண்டிய விக்குதாவ. பழைய இரும்புன்னு சொல்லித்தான் விக்குதாவ, மறுவாரமே அது ரோட்டுல ஓடுது. அந்த வண்டிக்குக் கரிசக்காட்டுக்கு வழி தெரியும்யா. எவன் ஏறினாலும் அங்கனதான் கொண்டுட்டுப் போவும்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

இன்ஸ்பெக்டரிடமும் போய் நின்றார். "நசுக்கிருங்கய்யா, நானே ஏத்துதேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். இன்ஸ்பெக்டர் நல்ல மனுஷன்தான். "ஏலம் விடணும்னு உத்தரவு வந்திருக்கு அண்ணாச்சி, நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

ஏலத்தன்று காலையில் அண்ணாச்சி காண்டிராக்டரிடம் சொல்லாமல் ரோலரை எடுத்துவிட்டார். ரோடு வேலை நடந்தது ஊருக்கு வெளியே. ஏலம் தொடங்குமுன் போய் அந்தப் பைக் மேல் ஏற்றிவிட வேண்டும், அப்புறம் ஜெயிலில் போட்டாலும் சரி. இதுதான் திட்டம். ரோலரை வைத்துக்கொண்டு ஒருவர் இப்படித் திட்டம் போடலாமா, நீங்களே சொல்லுங்கள். சேதி கேட்டு, பாதி வழியில் ஸ்கூட்டரில் போய் அவரைப் பிடித்தேன்.

"அண்ணாச்சி, வேல போயிரும். எறங்கி எம்பின்னால ஏறுங்க, பேசிப் பாப்போம்."

"பேசினதெல்லாம் போதும்யா!"

முன்னால் குனிந்து ஸ்டியரிங்கைத் தள்ளிக்கொண்டிருந்தார், தள்ளினால் வேகம் கூடிவிடும் என்பதுபோல. முகமெல்லாம் கண்ணீர். ஸ்கூட்டரை உருட்டிக்கொண்டு கூடவே நடந்தேன். சொன்னபடி வேலையும் பிறகு போயிற்று.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஏலம் முடிந்துவிட்டது. ஸ்டேஷன் வாசலில் மாரியின் பைக்கைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றார். குளத்தூர்க்காரர், உப்பளத்தில் வேலை. மீசை அரும்பிய மகன் வேலைக்குப் போய்வர அதை எடுத்திருந்தார். பையன் அதற்குள் ஏறி உட்கார்ந்து முறுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அண்ணாச்சி இறங்கி அவன் முன்னால் போய் நின்றார். "தம்பி, எறங்கிருய்யா."

"ஏலத்துல மொறையா எடுத்த வண்டி அண்ணாச்சி" என்றார் குளத்தூர்க்காரர்.

"எம்மவன் கட்டின வண்டி. காட்டுக்கு அவன ஏத்திக்கிட்டுப் போச்சு. திரும்பி வரும்போது இது மட்டுந்தான் வந்துச்சு."

குளத்தூர்க்காரர் பைக்கைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

"ஏலே, எறங்குலே."

"யப்பா, நம்ம வண்டிப்பா!"

"எறங்குன்னேம்லா."

அவரே பைக்கை உருட்டிக்கொண்டு போய் ரோலருக்கு முன்னால் சாய்த்துப் போட்டார். "ஏத்துங்க அண்ணாச்சி" என்றார். சத்தம் கேட்டு வெளியே வந்த இன்ஸ்பெக்டர், "வித்த வண்டி, அவங்க பாடு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். விற்பதுதான் சரி என்று பேசிய வாய் இது. இரும்பு நெரிகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

எல்லாம் முடிந்ததும் அண்ணாச்சி அழுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பையனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் முகம் செத்துப் போயிருந்தது.

"ஊருக்கு எப்பிடிப் போவ?"

"பஸ்ஸுலதான்."

"இதுல ஏறு. நான் கொண்டு விடுதேன்."

குளத்தூர் எங்கே கிடக்கிறது, இந்த ரோலர் எங்கே கிடக்கிறது! மறுநாள் விடிந்தாலும் போய்ச் சேராது. பையன் அப்பாவைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். அவன் மறுபேச்சில்லாமல் ஏறி அண்ணாச்சியை ஒட்டி நின்றான்.

"கம்பியக் கெட்டியாப் புடிச்சுக்கோய்யா. விழுந்துராத" என்றார் அண்ணாச்சி.

ரோலரிலிருந்து யார் விழப் போகிறார்கள்? பையன் கம்பியைப் பிடிக்கவில்லை. அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.