பின்னால் கேட்ட கொலுசு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளா. மலேசியாவில், லாபு ஊர்ப் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்வரை யாரும் முதுகுப் பக்கம் பார்க்கக் கூடாது, சரியா?

பஞ்சாலை என்றொருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு கொலுசு ஓடிவந்தது.

சலங்... சலங்... அவள் நின்றால் அதுவும் நின்றது.

தன் கொலுசுதான் என்று முதலில் நினைத்தாள். அவளுக்கு ரத்தத்தில் இனிப்பு நீர் ஏறிப்போய், "ஓடியாடிக் குறைங்க, குறையலன்னா ஊசிதாம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊசியைக் கண்டாலே மயங்கி விழுகிறவள் அவள். நீலாய் டவுனில் ஓட்டக்காரி ஒருத்தியைப் பற்றிய சினிமாப் படத்தைப் பார்த்து அழுது, கண்ணைத் துடைத்த கையோடு மலிவு விற்பனையில் காலுக்கு ரோஜா நிறச் சப்பாத்தும், அதற்கு எடுப்பாக வெள்ளிக் கொலுசும் வாங்கி வந்தாள்.

"ஓடுறதுக்கு எதுக்குடி கொலுசு? படத்துல அந்தப் பொண்ணு போடலயே" என்றான் கணவன் தர்மேந்திரன்.

"அவளுக்குக் குடுத்து வைக்கல."

மறுநாள் கொலுசைக் கழற்றி வைத்துவிட்டு ஓடினாள். சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

பொழுது சாயும் நேரத்தில் பின்னால் சத்தம் கேட்டால் திரும்பக் கூடாது, வாய் திறந்து யாரையும் கூப்பிடவும் கூடாது. தோட்டத்தில் பிறந்த எல்லாருக்கும் தெரியும். பஞ்சாலை ஓட்டத்தை மட்டும் கூட்டினாள்.

"சப்பாத்துல எலுமிச்சம்பழம் வையி, அண்டாது" என்றாள் பக்கத்து வீட்டு வள்ளியம்மா. பாதி வழியில் பழம் நசுங்கி, சாறு குதிகால் கொப்புளத்தில் இறங்கியது. நொண்டினாள். கொலுசு நெருங்கியது.

காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். இப்போது அது எவ்வளவு கிட்டத்தில் வருகிறது என்றே தெரியவில்லை. பிடரியில் மூச்சுப் படுவது போலிருந்தது. பிடுங்கி எறிந்தாள்.

டாக்டருக்கு மட்டும் ஒரே சந்தோஷம். "நல்லாக் குறையுதும்மா! நிறுத்திடாதீங்க, நிறுத்துனா ஊசி."

கடைசியில் தர்மேந்திரனை மோட்டார் சைக்கிளில் துணைக்கு அழைத்தாள்.

"பேயாவது ஒண்ணாவது. நான் இருக்கேன்லா, நீ பாட்டுக்கு ஓடு." பக்கத்திலேயே மெல்ல உருட்டி வந்தான்.

சலங்... சலங்...

"கேக்குதா?"

"கேக்குது" என்றவன் ஒரு முறுக்கு முறுக்கினான் பாருங்கள், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் மனைவி ஞாபகமே வந்தது.

மண்சடக்குப் பாதையில் பஞ்சாலை அழுதுகொண்டே ஓடினாள். "ஊசியே போட்டுக்கிறேன் சாமி, ஆளை விடு!" சப்பாத்துக் கயிறு அவிழ்ந்தது. குப்புற விழுந்தாள். அவள்மேல் தொப்பென்று ஓர் உடம்பு விழுந்தது.

வியர்வை வாடை. பேய்க்கு வியர்க்குமா? ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். முகத்துக்கு நேரே இன்னொரு ரோஜா நிறச் சப்பாத்து. கடைசி வீட்டு ரோகினி!

"நீயாடி!" பஞ்சாலைக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "உன் கொலுசுக்கா நான் இத்தனை நாளா உசுரக் கையில பிடிச்சிட்டு ஓடுனேன்? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாடி?"

ரோகினி சிரிக்கவில்லை. காற்சட்டையைத் தூக்கி வெறும் கணுக்காலைக் காட்டினாள்.

"எந்திரிங்கக்கா. எனக்கும் பின்னாலதான் கேக்குது."

உங்கள் வீட்டில் யாருக்கும் ஊசி வேண்டாம், கண்ணுகளா. உங்கள் வாசலில் கேட்கிற காலடி எல்லாம் உங்கள் சொந்தக்காரர்களுடையதாகவே இருக்கட்டும்.